இரத்த அழுத்த மருந்துகள் உடலில் செய்யும் பணி

(வெள்ளிவிழாவையொட்டி நடந்த நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விப் பணிக்கென்று அமைந்த ஒரு சங்கத்தின் வெள்ளிவிழாவில் மாத்திரைகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. இன்று நம் தெருக்களில் பல வீடுகளில் 'பிரஷர் மாத்திரை' இருக்கின்றது. அதை நாள்தோறும் விழுங்குகின்ற தாய்க்கோ தந்தைக்கோ அதன் பெயர் தெரியாது. 'வெள்ளை மாத்திரை', 'சின்ன மாத்திரை' என்பதே அவர்கள் அறிந்த அடையாளம். அதே வீட்டில் பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளையும் இருக்கின்றார். அவருக்கும் அம்மாத்திரை எது, உடலுக்குள் சென்று அது என்ன செய்கின்றது என்பது தெரியாது. என்னவென்று அறியாத மருந்தை நிறுத்துவது எளிது. அதன் பெயரையும் பணியையும் அறிந்தவர்கள் அவ்வளவு எளிதில் அதைக் கைவிட மாட்டார்கள். ஆகவே, கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்பட வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று என்று கருதி, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் எத்தனை வகைப்படும், ஒவ்வொரு வகையும் எவ்வாறு செயற்படுகின்றது என்பதை இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

அழுத்தம் என்பது யாது?

'இரத்தக் கொதிப்பு' என்ற சொல் நம் வழக்கில் வேரூன்றிவிட்டது. ஆனால் அச்சொல் நம்மைத் தவறான வழியில் கொண்டு செல்கின்றது. இரத்தம் கொதிப்பதில்லை; சூடாவதுமில்லை. கோபக்காரருக்கு மட்டும் வரும் நோயுமன்று இது. இரத்தம் ஓடும்போது குழாய்ச் சுவரை அழுத்துகின்ற விசையே இரத்த அழுத்தம்.

தோட்டத்திற்கு நீர் இறைக்கும் பம்பு செட்டை எண்ணிப் பாருங்கள். குழாயின் உள்ளே அழுத்தம் எதனால் கூடும்? பம்பு வேகமாக இறைத்தால் கூடும். குழாய் குறுகலாக இருந்தால் கூடும். குழாய்களுக்குள் நிறைந்துள்ள நீரின் அளவு மிகுந்தால் கூடும். உடலிலும் இம்மூன்றே காரணங்கள். நம் இதயம் ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கின்றது. அது பெருங்குழாய்களில் பாய்ந்து, பின்னர் மயிரிழை போன்ற சிறு தமனிகளில் நுழைகின்றது. இச்சிறு தமனிகளின் சுவரில் தசை உண்டு. அத்தசை இறுகினால் வழி குறுகும். தளர்ந்தால் வழி அகலும். உடலில் ஓடும் நீரின் அளவையோ சிறுநீரகங்கள் முடிவு செய்கின்றன. இம்மூன்று உறுப்புகளுக்கும் மூளையிலிருந்து நரம்புகள் வழியாகவும், இரத்தத்தில் கலக்கும் சுரப்புநீர்கள் வழியாகவும் இடையறாது கட்டளைகள் சென்றுகொண்டிருக்கின்றன.

அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிப்பிடுகின்றார்கள். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து ஓய்வுகொள்ளும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். 120/80 என்றால், மேல் அழுத்தம் 120 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத் தூணைத் தாங்கக்கூடியது என்று பொருள். கையில் பட்டையைக் கட்டி அளக்கும் கருவியை இத்தாலி நாட்டு மருத்துவர் ரிவா ரோச்சி 1896-இல் அமைத்தார். குழாய் வைத்து ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையை ரஷ்ய நாட்டு அறுவை மருத்துவர் கொரட்காஃப் 1905-இல் வெளியிட்டார். மருத்துவமனையில் அமைதியாக உட்கார வைத்து வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருக்குமானால், அதை உயர் இரத்த அழுத்தம் என்று நம் நாட்டு மருத்துவர்கள் பெரும்பாலும் கொள்கின்றார்கள்.

இந்நோயின் கொடுமை அது வலி தருவதில்லை என்பதே. பெரும்பாலோருக்குத் தலைவலியில்லை, மயக்கமில்லை, சோர்வில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் மிகை அழுத்தத்தைத் தாங்கிய குழாய்ச் சுவர்கள் தடித்துக் கெட்டியாகின்றன. எதிர்த்து இறைத்து இறைத்து இதயத் தசை பருக்கின்றது. ஒரு நாள் மூளையில் குழாய் அடைபட்டோ வெடித்தோ பக்கவாதம் வருகின்றது. அல்லது மாரடைப்பு வருகின்றது. அல்லது சிறுநீரகங்கள் செயலிழக்கின்றன. உலக நல நிறுவனத்தின் கணிப்பின்படி, 2019-இல் உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 128 கோடி பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள்.

மருந்தில்லாத காலம்

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் மாத்திரையின் அருமையை உணர, சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஒருவர் சோதித்தபோது அழுத்தம் 186/108 இருந்தது. உலகின் மிக வலிய நாட்டின் தலைவர் அவர். எந்த மருத்துவரையும் அழைக்கலாம். எந்த மருந்தையும் வரவழைக்கலாம். ஆனால் அழுத்தத்தை உறுதியாகக் குறைக்கும் மாத்திரை ஒன்றும் அன்று இல்லை. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, தமது 63-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவ்வேளையில் அவருடைய அழுத்தம் 300/190-ஐத் தாண்டியிருந்தது. அன்று அவருக்குக் கிடைக்காதது இன்று நம் கூலித் தொழிலாளி வீட்டு மாடத்தில் இருக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அவ்வரலாற்றில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் இடம் உண்டு. சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைப்பதைப் பல நோயாளிகளிடம் கண்டு, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைச் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 1952-இல் பிரித்தெடுத்தார்கள். நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கட்டளைப் பொருளை அது தீர்த்துவிடுகின்றது. அதனால் குழாய்களை இறுக்கும் கட்டளை வலுவிழக்கின்றது. சிலருக்கு அது மனச்சோர்வை உண்டாக்கியதால், நாளடைவில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன.

அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கப்படுகின்றதா என்ற ஐயம் 1960-கள் வரை மருத்துவர்களிடையே இருந்தது. முதிய குழாய்களில் இரத்தம் ஓட மிகை அழுத்தம் தேவை என்றுகூடச் சிலர் கருதினார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் எட்வர்டு பிரெய்ஸ் என்னும் மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வு 1967-இல் அந்த ஐயத்தைத் தீர்த்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் அதில் சேர்ந்தனர். 73 பேருக்கு ரெசர்பின் உள்ளிட்ட மூன்று மருந்துகள் தரப்பட்டன. 70 பேருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை தரப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் கேடு நேர்ந்தது; மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே நேர்ந்தது. இத்தகைய கடும் அழுத்தத்தைப் பொறுத்தவரை, இதற்குப் பின் விவாதத்திற்கு இடமில்லாமற்போயிற்று.

இனி, இக்காலத்தில் வழங்கும் முக்கிய வகைகளைக் காண்போம்.

முதல் வகை: நீரை வடிக்கும் மருந்துகள்

மக்கள் 'நீர் மாத்திரை' என்று அழைக்கும் வகை இது. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மற்றதையெல்லாம் உப்போடு சேர்த்து இரத்தத்திற்குத் திருப்பிவிடுகின்றன. உப்பு எங்கே செல்கின்றதோ அங்கே நீரும் செல்லும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன் போன்ற மருந்துகள் சிறுநீரக நுண்குழாயின் ஓரிடத்தில் உப்பு திரும்பும் வாயிலை அடைக்கின்றன. உப்பு சற்று மிகுதியாக வெளியேறுகின்றது. நீரும் உடன் செல்கின்றது. முதற் சில வாரங்களில் அழுத்தம் குறைவது இதனால்தான். அதன் பின்னர், தமனிகளின் இறுக்கமும் தளர்ந்து, அழுத்தம் தாழ்ந்தே நிற்கின்றது. இவ்வகையில் முதல் மருந்தான குளோரோதயசைடு 1958-இல் விற்பனைக்கு வந்தது. உடலில் நீரை வடிக்க அதற்குமுன் பாதரசம் கலந்த ஊசியைப் போட்டு வந்தார்கள் என்றால், அம்மாத்திரை எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

உப்போடு பொட்டாசியமும் ஓரளவு வெளியேறுவது இதன் குறை. அது மிகக் குறைந்தால் தசை சோரும். இதயத் துடிப்பு ஒழுங்கு கெடலாம். யூரிக் அமிலம் கூடிச் சிலருக்குக் கால் பெருவிரலில் கடும் வலி வரும். சர்க்கரையும் சற்றுக் கூடலாம். ஆதலின் இடையிடையே இரத்தச் சோதனை தேவை. கத்திரி வெயிலில் வயலிலும் கட்டடத்திலும் வேலை செய்வோரும், வாந்தி பேதி கண்டோரும், தாம் நீர் மாத்திரை உண்பதை மருத்துவரிடம் உடனே சொல்லவேண்டும். உடலில் நீர் வற்றிய நேரத்தில் அளவை மாற்ற நேரிடலாம்.

இரண்டாம் வகை: இதயத்தின் விரைவைத் தணிக்கும் மருந்துகள்

அச்சமோ ஓட்டமோ நேரும்போது அட்ரினலின், நாரட்ரினலின் என்னும் பொருள்கள் இதயத்தை விரைந்து துடிக்கத் தூண்டுகின்றன. இதயத் தசையில் இவை வந்து பொருந்துவதற்கென்று இடங்கள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதைப் போல. பீட்டா பிளாக்கர் என்னும் மருந்துகள் அப்பூட்டில் முன்னதாகவே நுழைந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன; ஆனால் பூட்டைத் திறப்பதில்லை. இதயம் நிதானமாகத் துடிக்கின்றது. ஒவ்வொரு முறையும் தள்ளும் விசையும் தணிகின்றது. ரெனின் என்னும் பொருளைச் சிறுநீரகம் விடுவதும் குறைகின்றது. ரெனினைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். அட்டினோலால், மெட்டோபுரோலால் முதலியன இவ்வகை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் நெஞ்சுவலி நோயாளிகளை எண்ணி உருவாக்கிய புரோப்ரனோலால் 1960-களில் வழக்கிற்கு வந்தது; அது அழுத்தத்தையும் குறைப்பது பின்னர்த் தெரிந்தது. அவர் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

வேறு நோயில்லாமல் அழுத்தம் மட்டும் மிகுந்தவர்க்கு இப்போது பெரும்பாலும் இவ்வகையை முதலில் தருவதில்லை. பக்கவாதத்தைத் தடுப்பதில் மற்ற வகைகளைவிட இது சற்றுப் பின்தங்கியதே காரணம். மாரடைப்பு வந்தவர்க்கும், நெஞ்சுவலி உள்ளவர்க்கும் இதன் தேவை பெரிது. ஆஸ்துமா உள்ளவர்க்கு இது மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்க்கு, சர்க்கரை மிகத் தாழ்ந்தால் வரும் படபடப்பை இது மறைத்துவிடும். எல்லாவற்றினும் மேலாக, இதைத் திடீரென நிறுத்தலாகாது. அடைத்திருந்த பூட்டுகள் ஒரே நேரத்தில் திறந்துகொண்டால், இதயம் கட்டுக்கடங்காமல் விரையும். நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட நேரலாம்.

மூன்றாம் வகை: குழாய்த் தசையைத் தளர்த்தும் மருந்துகள்

சிறு தமனிகளின் தசை இறுக வேண்டுமானால், கால்சியம் அத்தசை அணுக்களுக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்கு நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவ்வாயில்களை ஓரளவு அடைக்கும் மருந்துகள் கால்சியம் தடுப்பு மருந்துகள் எனப்படும். அம்லோடிபின் இவ்வகையில் மிகுதியாக வழங்குவது. தசை தளர்கின்றது; வழி அகலமாகின்றது; அழுத்தம் குறைகின்றது. 'கால்சியம் தடுப்பு' என்றவுடன் எலும்பு வலுவிழந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். எலும்பிலுள்ள கால்சியத்தை இது எடுப்பதில்லை.

இதை உண்போர் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். தளர்ந்த தமனியின் வழியே மிகுதியான இரத்தம் நுண்குழாய்களுக்கு வந்து, நீர் சற்றுக் கசிவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஆனால் கால் வீக்கத்திற்கு இதய நோயும் சிறுநீரக நோயும்கூடக் காரணமாகலாம். எனவே தாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அவர் அளவைக் குறைப்பார். அல்லது வேறு வகையைச் சேர்ப்பார்.

அம்லோடிபின் உடலில் மெதுவாகவே கரையும். ஒரு வேளை உண்ட மருந்தில் பாதி வெளியேற 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இது நன்மையே, நாளுக்கு ஒரு முறை உண்டால் போதும். ஆயினும் இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. ஒரு நாள் விட்டாலும் அழுத்தம் உடனே ஏறாது. 'இல்லாமலே நன்றாக இருக்கின்றேனே' என்ற எண்ணம் பிறக்கும். சில நாட்களில் மருந்து முழுவதும் கரைந்து அழுத்தம் பழைய நிலைக்கு ஏறும்போது, அது அறிவித்துவிட்டு ஏறுவதில்லை.

இவ்வகையைச் சேர்ந்த நிஃபெடிபின் மாத்திரையைக் கிள்ளி நாவின் அடியில் விட்டு அழுத்தத்தை உடனே இறக்கும் பழக்கம் ஒரு காலத்தில் மருத்துவமனைகளில் இருந்தது. திடீர் வீழ்ச்சியால் மூளைக்கும் இதயத்திற்கும் இரத்தம் போதாமல் சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்தன. 1990-களில் அப்பழக்கம் தவறு என்று எச்சரித்து நிறுத்தினார்கள். மிகை அழுத்தத்திற்குப் பழகிப்போன உடலைப் படிப்படியாகவே இறக்க வேண்டும். மருந்து தொடங்கிய மறுநாளே எண் குறையவில்லையே என்று அவசரப்படுவோர் இதை நினைவிற்கொள்க.

நான்காம் வகை: இறுக்கும் கட்டளையைத் தடுக்கும் மருந்துகள்

சிறுநீரகத்திற்கு வரும் இரத்தம் குறைந்ததாகத் தோன்றினால், அது ரெனின் என்னும் பொருளை விடும். கல்லீரல் தந்த ஒரு புரதத்தை ரெனின் வெட்டி, ஆஞ்சியோடென்சின் ஒன்று என்னும் பொருளை உண்டாக்கும். நுரையீரல் முதலிய இடங்களின் குழாய்ச் சுவரிலுள்ள ஏ.சி.இ. என்னும் நொதி அதை மீண்டும் வெட்டி, ஆஞ்சியோடென்சின் இரண்டு ஆக்கும். இப்பொருளே தமனிகளை வலுவாக இறுக்குகின்றது. உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீரையும் தூண்டுகின்றது. குருதி இழந்த காலத்தில் உயிர் காக்கும் ஏற்பாடு இது. அதுவே எந்நேரமும் ஓங்கி நின்றால் கேடாகின்றது.

இச்சங்கிலியை அறுக்கும் வழியைக் காட்டியது ஒரு பாம்பு. பிரேசில் நாட்டு ஜரராக்கா என்னும் விரியன் கடித்தவர்க்கு அழுத்தம் சட்டென வீழும். அந்நாட்டு அறிஞர் செர்ஜியோ ஃபெரைரா அந்நஞ்சில் உள்ள ஒரு பொருளை 1960-களில் ஆராய்ந்து, பின்னர் அதை இலண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசென்றார். அது ஏ.சி.இ. நொதியைத் தடுப்பது தெரியவந்தது. அதைப் பின்பற்றி அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்னும் இருவர் கேப்டோபிரில் என்னும் மருந்தை அமைத்தனர். அந்நாட்டில் 1981-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை அதன் வழிவந்தவை.

அந்நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்னும் பொருளைச் சிதைப்பது. நொதி தடைப்பட்டால் அப்பொருள் தேங்குகின்றது; அதனால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வருகின்றது. காசநோயோ என்று அஞ்சி அலைவோரும் உண்டு. மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொன்னால், அவர் காரணத்தை விரைவில் காண இயலும். அரிதாக உதடும் நாக்கும் வீங்கினால், அது உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய ஆபத்து.

இருமல் கண்டவர்க்கு மாற்றாக அமைந்தவை லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் முதலியன. இவை நொதியைத் தொடுவதில்லை; ஆஞ்சியோடென்சின் இரண்டு வந்து பொருந்தும் பூட்டையே அடைக்கின்றன. லோசார்ட்டன் 1995-இல் வழக்கிற்கு வந்தது. ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளைத் தடுக்கும் இவ்விரு பிரிவு மருந்துகளையும் சேர்த்து உண்ணுதல் கூடாது. நன்மை கூடாமல் தீமையே கூடுகின்றது என 2008-இல் வெளிவந்த பேராய்வு காட்டியது.

சர்க்கரை நோயால் சிறுநீரில் புரதம் கழிபவர்க்கு இவ்விரு பிரிவுகளும் சிறுநீரகத்தைக் காக்கும் வல்லமை உடையவை. 'பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்' என்ற பேச்சு நம் ஊர்களில் பரவலாக உள்ளது. உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது. கட்டுப்படாத அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது. பொட்டாசியம் கூடுகின்றதா என்று பார்க்க இரத்தச் சோதனை மட்டும் தேவை. ஆனால் கருவுற்ற பெண்கள் இவற்றை உண்ணலாகாது. கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளையும். அவர்களுக்கென மெத்தில்டோபா, லாபெட்டலால் போன்ற மருந்துகள் உள்ளன. இவ்வகை மாத்திரை உண்ணும் பெண் குழந்தைப்பேற்றை விரும்பினால், முன்னதாகவே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

பெயரைக் கொண்டு வகையறிதல்

இளைஞர்களே! மாத்திரை அட்டையில் நிறுவனம் சூட்டிய பெயர் பெரிதாக இருக்கும். மருந்தின் உண்மைப் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அச்சிறு எழுத்தைப் படியுங்கள். பெயர் 'டிபின்' என்று முடிந்தால் குழாய்த் தசையைத் தளர்த்துவது. 'ஓலால்' என்று முடிந்தால் பெரும்பாலும் இதயத்தைத் தணிப்பது. 'பிரில்' என்று முடிந்தால் நொதியைத் தடுப்பது. 'சார்ட்டன்' என்று முடிந்தால் பூட்டை அடைப்பது. 'தயசைடு' என்று முடிந்தாலோ குளோர்தலிடோன் என்று இருந்தாலோ நீரை வடிப்பது. இவ்வளவு அறிந்தாலே, உங்கள் வீட்டு மாத்திரை செய்யும் பணியை உங்கள் தாயிடம் எளிய சொற்களில் நீங்கள் விளக்கிவிடலாம்.

ஒன்று போதாதா? அடுத்த வீட்டு மாத்திரை ஆகாதா?

'எனக்கு ஏன் இரண்டு மாத்திரை? நோய் முற்றிவிட்டதா?' என்று கேட்போர் பலர். அப்படியன்று. நீர் மாத்திரை உப்பை வடித்தவுடன், உடல் அதை இழப்பென்று கருதி ரெனினை விட்டு மீண்டும் இறுக்கப் பார்க்கும். 'பிரில்' அல்லது 'சார்ட்டன்' சேர்ந்தால் அம்மறுவழியும் அடைபடும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒரே மருந்தை இரு மடங்காக்குவதைவிட, வேறொரு வகையைச் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாக அழுத்தத்தைக் குறைக்கும் என்று 2009-இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகின்றது. அளவு சிறிதாக இருப்பதால் தொல்லைகளும் குறைகின்றன.

இதிலிருந்தே, அடுத்த வீட்டார் மாத்திரையைக் கடன் வாங்கி உண்பது ஏன் கூடாது என்பதும் விளங்கும். அவருக்கு நன்மை செய்யும் 'ஓலால்' ஆஸ்துமா உள்ள உங்களுக்குத் தீங்காகலாம். அவர் உண்ணும் 'சார்ட்டன்' கருவுற்ற உங்கள் மகளுக்கு ஆகாது.

உடல் உழைப்பவர்கள் மிகுந்த நம் சமுதாயத்திற்கு இன்னொன்றையும் வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம். மாலையில் உடல்வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக், இபுபுரோபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பைத் தேக்கச் செய்கின்றன; அழுத்த மருந்தின் வேலையை இவை முறியடிக்கின்றன. நீர் மாத்திரையோடும் 'பிரில்', 'சார்ட்டன்' வகையோடும் சேர்ந்தால், சிறுநீரகத்திற்கே ஆபத்து. மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை உண்பதை விட்டொழிக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பும் மருந்தை எதிர்த்து நிற்பதே. நாளொன்றுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை.

விலையில்லா மருந்து தரங்குறைந்ததா?

'அரசு தரும் மாத்திரைதானே. நன்றாக இருந்தால் சும்மா தருவார்களா?' என்னும் ஐயம் நம்மவரிடையே உண்டு. இதனால் கடன் வாங்கி விலை மிகுந்த மருந்தை வாங்குவோரும், வாங்க இயலாமல் மருந்தையே நிறுத்துவோரும் இருக்கின்றார்கள். இதற்கு விடை 2002-இல் வெளிவந்த ஒரு பேராய்வில் உள்ளது. 55 வயதும் அதற்கு மேலும் ஆன 33,000-க்கு மேற்பட்டவர்களிடம், மலிவான பழைய நீர் மாத்திரையாகிய குளோர்தலிடோனையும், புதியனவாகிய அம்லோடிபின், லிசினோப்ரில் ஆகியவற்றையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றும் ஒத்திருந்தன. இதயம் தளர்ந்து செயல் குன்றுவதைத் தடுப்பதில் மலிவான மருந்தே முந்தி நின்றது. விலை மருந்தின் வலிமைக்கு அளவுகோல் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்தியாவில் 2017-இல் தொடங்கப்பெற்ற உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியும், எண்ணிக்கையில் சிலவேயான, மலிவான மருந்துகளை எந்த வரிசையில் எந்த அளவில் தருவது என்று வகுத்துக்கொண்டே நடைபெறுகின்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இம்மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. வாயிலுக்கு வந்ததை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டால் போதாது. அது நாள்தோறும் உடலுக்குள் செல்ல வேண்டும்.

முடிவுரை

பெரும்பாலோருக்கு உயர் அழுத்தம் இன்ன ஒரு காரணத்தால் வந்தது என்று சுட்ட இயலாது. ஆகவே இம்மருந்துகள் நோயின் வேரைப் பிடுங்குவதில்லை. ஓடும் நீருக்கு மதகைப் பிடித்து நிறுத்துவதைப் போல அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. கையை எடுத்தால் நீர் மீண்டும் பாயும். சோதனையில் 120/80 வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று கேட்பது, குடை பிடித்தவன் தான் நனையவில்லை என்பதால் மழை நின்றுவிட்டது என்று எண்ணிக் குடையை மடக்குவதை ஒக்கும். குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் அளந்து பார்த்துச் செய்யவேண்டியவை. கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 'ஐயா, இம்மாத்திரையின் பெயர் என்ன? எதற்காக இது? என்ன தொல்லை வந்தால் தங்களிடம் வரவேண்டும்?' என்னும் மூன்று கேள்விகளையும் தயங்காமல், பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள்.

இளைஞர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. இன்று வீடு சென்றதும் மாத்திரை அட்டையை எடுத்து, சிறிய எழுத்திலுள்ள பெயரைப் படியுங்கள். ஒரு தாளில் பெயர், அளவு, உண்ணும் வேளை ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி, மருத்துவமனைச் சீட்டோடு வையுங்கள். பின்பு தாய் தந்தையர் அருகில் அமர்ந்து, இது உடலுக்குள் என்ன செய்கின்றது என்பதைச் சொல்லுங்கள். முப்பது வயதைக் கடந்த யாவரும் ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்துகொள்ளச் செய்யுங்கள். அடுத்த வீட்டில் படித்த பிள்ளை இல்லையென்றால், அங்கும் சென்று இப்பணியைச் செய்யுங்கள். பக்கவாதத்தில் விழுந்த ஒரு கூலித் தொழிலாளியோடு அவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பும் விழுந்துவிடுகின்றது. அதைத் தடுப்பதும் கல்விப் பணியே.